சங்கராபுரத்தைச் சுற்றி: கொடுத்ததும் கேட்டதும்

போன தை மாசம் எங்க ஊரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, வெற்றிலை போடும் நேரத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, ரெண்டு நாள் லீவு இருக்கு. சங்கராபுரத்தைச் சுத்திப் பாக்கற மாதிரி என்ன இருக்கு?"

"இங்க என்னடா இருக்கு? கரும்பு இருக்கு, மரவள்ளி இருக்கு. வேணும்னா மலைக்குப் போய் அருவியில குளிச்சிட்டு வா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி படுத்தால் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கல்வெட்டு, கோயில், கோட்டை என்று பல வருஷமாக இந்தப் பக்கம் அலைகிறவன் நான். அந்த வாயாலேயே "என்னடா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். நாமே இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரன் எப்படித்தான் வருவான்? விடிந்ததும் அவனை எழுப்பி, "வண்டிய எடு, போலாம்" என்றேன். அந்த இரண்டு நாள் சுற்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். போகப் போக ஒரு விஷயம் புரிந்தது. எங்க பக்கம் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. யார் கொடுத்தார்கள், யார் கேட்டார்கள் என்கிற கதை.

கொஞ்சம் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கராபுரம், கள்ளக்குறிச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் உள்ள ஊர். பழைய தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டமானது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமானது. மேற்கே கல்வராயன் மலை. வடக்கிலும் கிழக்கிலும் தென்பெண்ணை. மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் தெற்கே விருத்தாசலம் பக்கம் போகின்றன. மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில்தான் எல்லாமே நடந்திருக்கிறது.

ஜம்பையில் ஒரு வரி

முதல் நாள் கிழக்கே மணலூர்ப்பேட்டைப் பக்கம் போனோம். தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் பெண்ணையில் தீர்த்தவாரி கொடுக்க இங்கேதான் வருவார். நாங்கள் போனபோது திருவிழா முடிந்திருந்தது. மணலில் கரும்புச் சக்கையும் கடை போட்ட கீற்றும் மட்டும் கிடந்தன.

அங்கிருந்து ஜம்பை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குன்று, அதில் இயற்கையாக அமைந்த ஒரு குகை. ஊர்க்காரர்கள் தாசி மடம் என்பார்கள். அதற்குள் ஒரே ஒரு வரி தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. 1981-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இதைக் கண்டுபிடித்தது. அப்போது துறையின் இயக்குநர் இரா. நாகசாமி. எழுத்தமைதியை வைத்து கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார்.

"இதுல என்ன மாமா எழுதியிருக்கு?"

ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பளி. அவ்வளவுதான். பளி என்றால் துறவிகள் தங்கும் இடம். பெரும்பாலும் சமண முனிவர்களுக்கானது. சத்தியபுதோ என்று பட்டம் பெற்ற அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் இது என்பது பொருள்.

இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டான். அதற்கு அசோகர் வரைக்கும் போக வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் எல்லைக்கு அப்பால் தெற்கே உள்ளவர்கள் என்று சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைச் சொல்கிறார். மூன்று பேர் நமக்குத் தெரிந்தவர்கள். சத்தியபுத்திரர் யார்? கொங்கு என்றார்கள், துளு நாடு என்றார்கள், காஞ்சிபுரம் என்றார்கள், வாய்மை தவறாத கோசர்கள் என்றார்கள். அதியமானாக இருக்கலாம் என்று மொழியியல் வழியாக ஊகித்தவர்களும் உண்டு. கேரளபுத்திரர் என்பது சேரமகன், சேரமான் என்று ஆவது போல, சத்தியபுத்திரர் என்பது அதியமகன், அதியமான் ஆகலாம் என்பது அந்த வாதம். ஆனால் சான்று வேண்டுமே. பல பத்தாண்டு நடந்த அந்தச் சண்டைக்கு முடிவு சொன்னது இந்தக் குகை. பட்டமும் பேரும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதியமான் தகடூர்க்காரன், அதாவது இன்றைய தருமபுரி. மலையமான்களின் திருக்கோவிலூர் நாட்டுக்குள் அவன் பேர் எப்படி வந்தது? அதற்கும் பதில் இருக்கிறது. அவன் கோவலூரை வென்றதையும், அந்த வெற்றியைப் பரணர் பாடியதையும் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். ஆக, இது வென்ற மண்ணில் கொடுத்த கொடை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அஞ்சி. கொடுத்த கையும் அதுதான், ஊரை அழித்த கையும் அதுதான். கல்லில் நிற்பது "ஈத்த" மட்டும். அழித்ததைப் பாட்டில்தான் தேட வேண்டும்.

ஒரு சின்ன யோசனை: காலையிலோ சாயங்காலமோ, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். அப்போதுதான் வெட்டு ஆழம் தெரியும். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். ரெண்டாயிரம் வருஷம் தாங்கியது நம் தேய்ப்பைத் தாங்காது.

வரி கேட்டவனும் நஞ்சு குடித்தவளும்

ஜம்பையை விட்டுப் புறப்படும் முன்னால் அங்குள்ள சிவன் கோயிலையும் பார்த்துவிட வேண்டும். குகைக்கு வருகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சோழர் காலத்தில் இந்த ஊருக்கு வாளையூர், நித்தவினோதபுரம் என்று பேர். கோயில் கல்வெட்டுகளை 1906-ல் படியெடுத்தார்கள். அதில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனசு கனத்துவிடும்.

ஊரில் வரி தண்டும் அதிகாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்கிறான். நான் கொடுக்கக் கடமைப்பட்டவள் இல்லை என்கிறாள். அவன் விடவில்லை. அவளைச் சத்தியச் சோதனைக்கு உட்படுத்துகிறான். அவள் நஞ்சு குடித்து இறந்துபோகிறாள்.

அத்தோடு முடியவில்லை. நாலா திசையிலிருந்தும், பதினெட்டு நாட்டிலிருந்தும் ஆட்கள் கூடி விசாரிக்கிறார்கள். கேட்டவன்தான் குற்றவாளி என்று முடிவாகிறது. பிராயச்சித்தமாகக் கோயிலில் விளக்கெரிக்க அவன் 32 காசு கொடுக்கிறான். அதைத்தான் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஒரு உசிருக்கு முப்பத்திரண்டு காசா?" என்றான் பையன்.

அவன் கோபம் நியாயம்தான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வரி கேட்ட அதிகாரியைக் கூட்டம் கூட்டி விசாரித்திருக்கிறார்கள், அவன் செய்தது தப்பு என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். இதே கோயிலில் வேட்டையில் குறி தவறி ஒருவன் இன்னொருவனைக் கொன்றதற்கும் நாட்டார் கூடி விளக்குக் கொடை விதித்த கல்வெட்டு உண்டு. தண்டனை சின்னதோ பெரிதோ, அந்தப் பெண் இல்லை என்று சொன்னது ஆயிரம் வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறது. எழுதி வைத்ததால் தெரிகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

குதிரும் குன்றும்

மணலூர்ப்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஆதி திருவரங்கம். பெண்ணைக் கரையில் ரங்கநாதர் கோயில். ஸ்ரீரங்கத்தை விடப் பெரிய பள்ளிகொண்ட பெருமாள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். சாமி கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாதீர்கள். கோயில் வளாகத்தில் செங்கல்லால் கட்டிய பெரிய நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வட்ட வடிவம், வீட்டுக் குதிரைப் பெரிதாக்கியது போல. தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்தில், பாலைவனநாதர் கோயிலில், 1634-ல் நாயக்கர் காலத்தில் கட்டிய களஞ்சியம் ஒன்று உண்டு. 3000 கலம் கொள்ளும். அந்த வகைதான் இதுவும்.

பார்க்கிறவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் யோசிப்பது வேறு. இவ்வளவு நெல் எங்கிருந்து வந்தது? சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு களத்திலும் அளந்து, ஒரு பங்கு இங்கே வந்திருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்தது கொஞ்சம், கோயில் பேரால் கேட்டது கொஞ்சம். இரண்டும் ஒரே குதிருக்குள் விழுந்த பிறகு எது எது என்று பிரிக்க முடியாது.

மத்தியானம் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோயிலுக்கு எல்லாரும் போவார்கள். நாங்கள் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும், பெண்ணையாற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றுக்கும் போனோம். ஆற்றுக்குள் ஒற்றைப் பாறை, அதன் தலையில் ஒரு சின்னக் கோயில். பாரி இறந்த பிறகு அவன் பெண்களுக்குப் புகலிடம் தேடி அலைந்த கபிலர் கடைசியில் உயிர் விட்ட இடம் என்பது நம்பிக்கை.

இதில் நுணுக்கமான ஒரு வேறுபாடு உண்டு. புறநானூற்றின் அடிக்குறிப்பு, கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பனரிடம் சேர்த்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருஷ இடைவெளியில் கதை மலையமான் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்கும் காரணம் இருக்கிறது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் வீட்டுப் பெண். அந்தக் கல்வெட்டே அவரைப் புகழ்கிறது. பெண் கொடுத்த குலத்துக்குச் சோழர் காலத்தில் கிடைத்த மரியாதை, கபிலர் கதைக்குள்ளும் புகுந்துகொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் தியாகதுர்க்கம் மலைக்கோட்டை. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறைக்காக ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்க்காரர் என்று மூன்று தரப்பும் அடித்துக்கொண்டார்கள். 1760-ல் பாண்டிச்சேரியில் நெருக்கடியில் இருந்த லாலி, ஹைதர் அலியின் படை உதவிக்காகவும் மாடு, தானியத்துக்காகவும் இந்தக் கோட்டையையே கொடுத்தான். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. அடுத்த மாசமே தியாகதுர்க்கம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1790 கடைசியில் திப்பு வந்து முட்டிப் பார்த்தான். வந்தவாசியை ஹைதரிடமிருந்து காத்த அதே கேப்டன் பிளின்ட் இங்கே இருந்தான். திப்புவால் எடுக்க முடியவில்லை. கோட்டை கைமாறிய தேதியெல்லாம் கிடைக்கிறது. அந்த மாடும் தானியமும் யார் வீட்டிலிருந்து போயின என்பதற்குத் தேதி இல்லை.

மலை

மறுநாள் கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் வழியாகப் போனால் முதலில் கோமுகி அணை. 46 அடி கொள்ளும் சின்ன அணைதான், ஆனால் மலையை முதுகில் சாய்த்துக்கொண்டு நிற்கும் அழகே தனி. அங்கிருந்து மலைச்சாலை. பெரியார் அருவி ரோட்டுக்குப் பக்கத்திலேயே விழும். மேகம் அருவிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். கரியாலூரில் படகுக் குளம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் தண்ணீருக்குக் குறை இருக்காது. பாறை வழுக்கும், குழந்தைகளை வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம். அருவியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. போய் நனைய வேண்டியதுதான்.

எழுத வேண்டியது மனிதர்களைப் பற்றி. இங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கரியராமன் சாமியோடு புறப்பட்டு வந்தார்கள், வெவ்வேறு மலைகளில் தங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி மூன்று ஜாகிர்களாக இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று பரம்பரை. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று சொல்லப்படும். ஆங்கிலேயர் வந்தும் இது போகவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தும் போகவில்லை. வழக்கு, வாய்தா என்று இழுத்து, 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் ஜாகிர்தார் ஆட்சி முழுசாக முடிந்தது.

1976! பையன் நம்பவே இல்லை. "மாமா, அது அம்மா பொறந்த வருஷம்." ஆமாம். கீழே சங்கராபுரத்தில் தேர்தல் நடந்து, ஆட்சி மாறி, சினிமாக் கொட்டகையில் எம்.ஜி.ஆர். படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியும் மலைக்கு மேலே ஜாகிர்தாருக்கு வரி கொடுத்துக்கொண்டும், கூலியில்லாமல் உழைத்துக்கொண்டும் ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். இடையில் இருந்தது ஒரு மலைப்பாதைதான்.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். 2019-ல் கல்வராயன் மலை தனி வட்டமானபோது இதுதான் தலைமையிடமானது. பெஞ்சில் வயசான ஒருத்தர் இருந்தார். ஜாகிர் காலம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க" என்றார். யாராவது வந்து கேட்டு எழுதினார்களா என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வர்றவங்க அருவிக்கு வழி கேப்பாங்க."

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, எல்லா டிவியிலும் இந்த மலையின் பேர் அடிபட்டது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, மலை மக்களுக்கு ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பஸ் எங்கே என்று அரசைக் கேட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்த மலையைப் பற்றி வெளியே தெரிவது இரண்டே இரண்டு: ஒன்று அருவி, இன்னொன்று சாராயம். நடுவில் இருக்கிற முந்நூறு, நானூறு வருஷம் யாருக்கும் தெரியாது.

ஏன் இதை எழுதுகிறேன்

ஜம்பையை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே கொடுத்தவன் பேரும் கல்லில் இருக்கிறது, அநியாயமாகக் கேட்டவன் கதையும் கல்லில் இருக்கிறது. ஆயிரம், ரெண்டாயிரம் வருஷம் ஆனாலும் நம்மால் படிக்க முடிகிறது. மலையில், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டவர்கள் கதை கல்லில் இல்லை. உழைத்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. 1976-ல் இருபது வயசு இருந்தவருக்கு இன்று எழுபது. அந்த டீக்கடைப் பெஞ்சு காலியானால், நித்தவினோதபுரத்துப் பெண்ணுக்குக் கிடைத்த 32 காசு விளக்குகூட இவர்களுக்கு இல்லை.

அதனால் சங்கராபுரம் பக்கம் வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் நாள் ஜம்பை, ஆதி திருவரங்கம், திருக்கோவிலூர், தியாகதுர்க்கம். இரண்டாம் நாள் மலை. அருவியில் தாராளமாகக் குளியுங்கள். குளித்துவிட்டு வந்து ஒரு டீ சொல்லி, பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். சொல்ல விருப்பம் இருந்தால் சொல்வார். அவர் சம்மதித்தால் போனில் பதிவு செய்து, தேதியும் ஊர்ப் பேரும் போட்டு வையுங்கள். கல்லில் வெட்ட நமக்குச் சிற்பி தேவையில்லை, அந்த வேலையைப் போன் செய்துவிடும்.

அக்கா பையன் சென்னைக்குப் போய் ஒரு வாரம் கழித்து அழைத்தான். "மாமா, சித்திரையில வரேன். அந்தத் தாத்தா இருப்பாரில்ல?"

"சீக்கிரம் வாடா" என்றேன்.